நாலரை மணிக்கு எரிய வேண்டிய விளக்கு

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் நம் சர்வே படிவத்தைப் புரட்டும்போது நான்காம் கேள்வியில் நின்று சிரித்ததைப் பார்த்தேன். 'இங்கே துணி எங்கே காயப்போடுவார்கள்?' என்பது அந்தக் கேள்வி. சோலார் லைட் போடுகிற கம்பெனிக்கு வந்தோமா, சலவைக் கடைக்கு வந்தோமா என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. கோபமில்லை. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். எழுதியபோது நம் முதலாளியும் அப்படித்தான் சிரித்தார்.

அடுத்த மாதம் கொட்டாரத்தில் திறக்கும் கிளைக்கு நான் போகிறேன். அங்கே எனக்கு மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி எல்லாம் உண்டாம். ஒன்பது வருடம் ஏணியில் நின்ற கால்கள் இனி மேஜைக்கு அடியில் கிடக்கும். முப்பது வயதில் ஓய்வுபெற்றவனைப் போல அறிவுரை எழுத உட்கார்ந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். ஏணியிலிருந்து இறங்குகிறவனுக்கு ஏறப்போகிறவர்களிடம் சொல்ல ஒன்றாவது இருக்கும். வயரைச் சீவுவது, பேனலைச் சாய்த்து வைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் கைக்கு வராத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குலசேகரத்துக்கு மேலே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு எழுபத்துநாலு கல்படிகள். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மரத்தில் கோடு கீறிப் பால் எடுப்பதை எங்கள் பக்கம் 'வெட்டு' என்போம். விடியுமுன் குளிர்ச்சியிலேயே வெட்ட வேண்டும். வெயில் வந்தபின் வெட்டினால் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் குறையும். அதனால் வெட்டுகிறவர்கள் காலை நாலரைக்கு, கும்மிருட்டில், அந்தப் படி ஏற வேண்டும்.

அங்கே வெட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்லம்மா மைனி; அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வாய் திறந்தால் தோட்டமே சிரிக்கும். இன்னொருவர் ஸ்டெல்லா அக்கா, நாற்பது வயது இருக்கும். முந்தின மழைக்காலத்தில் அக்கா அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். எங்கள் ஊர் வர்ம வைத்தியரான ஆசான் கட்டுப் போட்டு, எண்ணெய் தடவிக் கை நேராகிவிட்டது. மகள்தான் விடவில்லை. "இனி அந்த இருட்டுல ஏறினா நான் சோறு திங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அக்கா அண்டியாபீசுக்குப் போனார். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் குந்தியிருந்து உடைக்க வேண்டும். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துவிடும்.

தோட்டக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் 'சார்'. அவருக்கும் அக்கா திரும்பி வர வேண்டும் என்று ஆசை. "ஸ்டெல்லா வெட்டினா மரத்துக்கு வெட்டினதே தெரியாது தம்பி. மத்தவங்க வெட்டினா மரம் ஒரு வருசம் அழும்" என்பார். படிக்கு விளக்குப் போட்டால் மகள் சம்மதிப்பாள் என்று நம்மைக் கூப்பிட்டார்.

சர்வேக்குப் போனது நான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும் வருடம் அது, உங்களுக்கும் வரும். ஜனவரி மாதம். படிமேல் வெயில் கொட்டியது. வெயில் அளக்கும் மீட்டர் காட்டிய அளவைப் பார்த்து எனக்கே சந்தோஷம். பேனல், பேட்டரி, பல்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பெரிய லைட் ஆறு போதும், தூணில் மாட்டினால் வேலை முடிந்தது என்று எழுதினேன். வயர் இழுக்க வேண்டாம், குழி தோண்ட வேண்டாம், கரண்ட் பில் இல்லை.

பிப்ரவரியில் மாட்டி முடித்த அன்று சாயங்காலம் சார் எல்லோருக்கும் பாலில்லாத கட்டன் சாயாவும் பழம்பொரியும் ஏற்பாடு செய்திருந்தார். இருட்டியதும் ஆறும் ஒன்றாக எரிந்தன. படி முழுக்க வெள்ளை வெளேரென்று ஆனது.

"ஏட்டி ஸ்டெல்லா, இந்த வெளிச்சத்துல பேன் பாக்கலாம்ட்டி! நாளைக்கே ஒம் மவளக் கூட்டிட்டு வா" என்றார் செல்லம்மா மைனி.

சார் பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துக் கடைசிப் படியில் நின்று ஒரு வசனத்தை வாசித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியது வசனத்துக்கா வெளிச்சத்துக்கா தெரியவில்லை. எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா மட்டும் கைதட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். "மக்கா, இது காலத்த நாலரைக்கும் இப்படி எரியுமா?"

"விடிய விடிய எரியும் அக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சொன்னா நான் அண்டியாபீசுல வேலைய நிப்பாட்டிக்கிடுகேன்னு சொல்லிருவேன். அங்க ஒருக்க விட்டா பின்ன எடுக்க மாட்டாங்க, கேட்டியா."

"என் பொறுப்பு அக்கா. நான் படிச்சது இதுக்குத்தானே."

அக்கா மறுபடி படியைப் பார்த்தார். "தலையில கெட்டுக டார்ச்சு எங்கிட்ட உண்டு. ஆனா நெத்தியில இருந்து அடிச்சா படியெல்லாம் ஒரே பலக மாதிரி தெரியும். எது எங்க முடியுதுன்னு பிரியாது. அப்படித்தான் விழுந்தேன்."

நல்ல தகவல். நான் காதில் வாங்கவில்லை. என் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நடந்ததற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். ரப்பர் மரம் வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரி வாக்கில், இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டு, மார்ச்சில் முழுதாகத் தழைத்துவிடும். தழைத்து முடியும்வரை மரத்துக்கு ஓய்வு, வெட்டு கிடையாது. அதாவது நான் வெயில் அளந்தது மரம் மொட்டையாக நின்ற நாளில். லைட் மாட்டியது விடியற்காலையில் யாருமே அந்தப் படி ஏறாத மாதத்தில். எல்லோரும் கைதட்டியது, யாருக்கும் வெளிச்சம் தேவைப்படாத சாயங்காலத்தில்.

மார்ச் மாதம் சார் போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"தம்பி, உன் லைட்டுக்கு என்னா சுறுசுறுப்புப்பா! முந்தி ஆறரைக்கு எரியும். இப்ப சாயங்காலம் நாலரைக்கே எரிய ஆரம்பிச்சிருது!"

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த லைட் இருட்டை எப்படி அறியும்? பேனலில் வெயில் விழாவிட்டால் இரவு என்று நினைத்துக்கொள்ளும். சாயங்காலம் நாலரைக்கே எரிந்தது என்றால், பட்டப்பகலில் அதன் தலைக்குமேல் இருட்டிவிட்டது என்று பொருள். அது பாராட்டில்லை, நோய்க்குறி. கோபமாக வரும் புகாரை யாரும் கவனித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டு வரும் புகார்தான் கையை விட்டுப் போகும். நான் நன்றி சொல்லிப் போனை வைத்து, முதலாளியிடமும் பெருமையாகச் சொன்னேன். அவரும் "கொள்ளாம்லே" என்று மெச்சினார்.

ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை, அந்த வருடத்தின் முதல் வெட்டு. ஸ்டெல்லா அக்கா என் வெளிச்சத்தில் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரும் அழைக்கவில்லை, நானாக பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நாலேகாலுக்குப் படியடியில் நின்றேன். ஆறு தூணும் நின்றன. ஒன்றுகூட எரியவில்லை.

இரண்டு டார்ச் வெளிச்சம் ரோட்டில் ஆடி ஆடி வந்தன. செல்லம்மா மைனி முன்னால்.

"யாருலே அது, செல்வினா? உன் லைட்டப் பாக்கதுக்கு நீயே டார்ச்சுக் கொண்டு வந்தியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் அக்கா கையில் இரண்டு வாளியோடு நின்றார். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாது மக்கா. எல்லாம் ஒரே பலக மாதிரி இருக்கு."

திட்டியிருந்தால் தேவலாம். அக்கா படியடிக் கல்லில் உட்கார்ந்து விடியக் காத்திருந்தார். மைனி மட்டும் ஏறிப் போனார். நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். 

விடிந்ததும் சார் வந்தார். முகம் வாடியிருந்தது. "எப்பவும் ஒம்போது மணிக்குத் தூங்கிருவேன் தம்பி. இது பத்து மணிக்கே அணைஞ்சு போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். "ஸ்டெல்லா, மரம் காத்திருக்காது. திங்களாழ்ச்ச வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன்னால ஏற முடியல்லன்னா வேற ஆளத்தான் விடணும்."

வியாழனிலிருந்து திங்கள். நான்கு நாள். என் வார்த்தையை நம்பி அண்டியாபீசை விட்டு வந்த ஒரு மனுஷிக்கு இரண்டு வேலையும் இல்லாமல் ஆகப்போகிறது.

தோட்டத்து ஏணியை வைத்து ஏறினேன். பேனலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வானமே இல்லை, இலை, இலைக்கு மேல் இலை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா ரப்பர் வெட்டியே என்னைப் படிக்க வைத்தவள். விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். 

"ஜனவரியில ரப்பர் இலை பொழியும்னு தெரியாதால உனக்கு? அந்தச் சருகுலதானே நீ சாடிச் சாடி விளையாண்ட? டிப்ளமால இதச் சொல்லித் தரல்லையோ?"

"அம்மா, வையாத."

"வையல்ல மக்கா. சிரிக்கேன். சாப்பிட்டியா நீ?"

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் மஸ்கட்டில் பதினைந்து வருடம் எலக்ட்ரிசியன், பாலைவனத்து வெயிலில் வேலை பார்த்தவர். "கொம்ப வெட்டச் சொல்லு" என்றார். சாரிடம் கேட்டேன். "மரம் இருக்கதாலதான்பா படியே இருக்கு. லைட்டுக்காக மரத்த வெட்டுகதா?" என்றார். நியாயம்தான். மறுபடி முதலாளி. "அப்பம் பெரிய பேட்டரி வரவழைக்கேன். ரெண்டு வாரம் ஆவும்." ரெண்டு வாரம் என்னிடம் இல்லை. தவிர, பாத்திரம் பெரிதானால் மழை கூடப் பெய்யுமா? வெயிலே விழாத இடத்தில் எந்தப் பேட்டரி நிறையும்?

பதினோரு மணி இருக்கும். படி ஏறி மேலே போனேன். மேலே பாலை உறைய வைத்துத் தகடாக அடிக்கும் கொட்டகை. வெளிச்சம் வந்தபின் ஏறிய ஸ்டெல்லா அக்காவும் மைனியும் அடித்த ஷீட்டுகளைக் கொடியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெள்ளையாக, ஈரம் சொட்டச் சொட்ட, பள்ளிக்கூடச் சட்டை காயப்போட்டது மாதிரி. நான் கொடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அங்க ஏன்லே இருக்க? வெயிலு மண்டையப் பொளக்குது. நிழலுக்கு வா" என்றார் மைனி.

அப்போதுதான் உச்சந்தலை சுடுவது எனக்கு உறைத்தது. எழுந்து நின்றேன். "மைனி, இங்க வெயில் எப்ப வரைக்கும் நிக்கும்?"

"மூணு மணி வரைக்கும் நிக்கும்."

"மழைக்காலத்துல?"

"மழை பெய்யாத நேரமெல்லாம் இங்கதான் அடிக்கும். பின்ன, ஷீட்ட வேற எங்க காயப்போட? வெயிலு அடிக்காத இடத்துல கொடி கெட்டுகதுக்கு எங்களுக்கென்ன கோட்டியா?"

எனக்குக் கோட்டி, அதாவது பைத்தியம், பிடித்தது மாதிரிதான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு மாதமும் வெயில் விழும் ஒரே இடத்தில் யாரோ எப்போதோ ஒரு கொடியைக் கட்டியிருக்கிறார்கள். நான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அரைநாள் அலைந்தேன். என் மீட்டருக்கு ஒரு நாளின் வெயில்தான் தெரியும். கொடிக்கு வருடத்தின் வெயில் தெரியும்.

பேனலை இங்கே வைக்க வேண்டும், விளக்கு அங்கே எரிய வேண்டும். அதற்குத் தனிப் பேனல் வைத்து வயரில் இணைக்கும் வகை வேண்டும். நம் குடோனில் அப்படி ஒன்று இருந்தது. பன்னிரண்டு சின்ன விளக்கு, ஒரு பேட்டரிப் பெட்டி, இரண்டு பேனல். தோட்ட விளக்கு என்று வாங்கி, மங்கலாக இருக்கிறது என்று ஒருவரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியிடம் அதைக் கேட்டேன்.

"அந்த மின்மினிப் பூச்சியவா? ஏலே, வெளிச்சம்தாம்லே விக்குது. அத மாட்டினா ஆளுக நம்மளப் பாத்துச் சிரிக்காதா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும் அண்ணே. எரியாத பெரிய லைட்ட விட எரியிற சின்ன லைட்டு மேல்."

அவர் தாடையைத் தடவினார். "திங்களாழ்ச்ச எரியல்லன்னா சார் காலுல நீதான் போய் விழணும். நான் வர மாட்டேன்." சாவியைத் தூக்கிப் போட்டார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் முதல் சோதனை. சின்ன விளக்குகளில் ஒன்றைப் பேட்டரியோடு இணைத்துப் பழைய தூணின் உச்சியில் கட்டினேன். ஸ்டெல்லா அக்காவும் பார்க்க வந்திருந்தார். இருட்டியது. மேலே மங்கலாக ஒரு புள்ளி எரிந்தது. கீழே படி தெரியவில்லை. அக்கா சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். முதலாளி சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன்.

விளக்கை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். ஏணியை மடக்க இரண்டு கையும் வேண்டும். எரிந்துகொண்டிருந்த விளக்கைப் படியோரக் கல்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏலே! அத எடுக்காத! அங்கயே இருக்கட்டும்!"

அக்காவின் சத்தத்தில் ஏணி கையிலிருந்து நழுவியது. பார்த்தேன். முழங்கால் உயரத்தில், பக்கவாட்டிலிருந்து விழுந்த அந்த மங்கல் வெளிச்சத்தில், ஒவ்வொரு படியின் விளிம்பும் கோடு போட்டது போலத் தனித்தனியாகத் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே கறுப்பாக நிழல். எந்தப் படி எங்கே முடிகிறது, எது தேய்ந்திருக்கிறது, எதில் பாசி, எல்லாம் தெரிந்தது. நெற்றி டார்ச்சில் படியெல்லாம் ஒரே பலகை போலத் தெரியும் என்று அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்னாரே, அது இதுதான். கண்ணுக்கு நேராக அடிக்கும் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும். நிழல் இருந்தால்தான் படி, படியாகத் தெரியும்.

அக்கா அந்த நாலைந்து படியை ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "கொள்ளாம் மக்கா. இது கொள்ளாம்."

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே வேலை. கொடிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு, ஷீட்டின் மேல் நிழல் விழாதபடி பேனலை வைத்தேன். அந்த நிபந்தனை மைனி போட்டது. படியோரமாக வயரை இறக்கினேன். ஆறு பெரிய லைட்டையும் கழற்றினேன். "இத என்ன செய்ய?" என்றார் சார். ரோட்டுக்கு எதிரே சபை மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே மரமில்லை, முழு வானம். அந்த ஆறும் இன்றும் அங்கே எரிகின்றன. பந்தின் தையல்கூடத் தெரியும். அவை நல்ல லைட்டுகள்தான். நான் அவற்றைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மூன்றரைக்கு வானம் கறுத்துக் கோடை மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமையும் மூட்டம். பேட்டரி பாதிதான் நிறைந்தது.

ஞாயிறு மத்தியானம் ஆராதனை முடிந்து, நல்ல சட்டையோடு அப்படியே தோட்டத்துக்குப் போனேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்து யோசித்தேன். இருக்கிறது பாதி வயிறு. இரவு முழுக்க எரிந்தால் மூன்று மணிக்குத் தீர்ந்துவிடும். இந்தப் படியில் சாயங்காலம் நடப்பது யார்? யாருமில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் பிறகு? இரண்டு பேர். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் எரிந்து, பிறகு அணைந்து, காலை நாலு மணிக்கு மறுபடி எரியும்படி நேரம் வைத்தேன்.

இரவு எட்டரைக்கு சாரின் போன். "தம்பி, என்னப்பா இது? சபைக்காரங்க எட்டு பேரப் புது லைட்டு பாக்கக் கூட்டிட்டு வந்தேன். இருட்டக் காட்டியா அனுப்புகது? பெட்டியில ஒரு சுவிட்சு இருக்கே, அதப் போட்டா எரியுமா?"

எரியும். சுவிட்சைப் போட்டால் அப்போதே எரியும். எட்டு பேரும் கைதட்டுவார்கள். பணம் கொடுத்தவர் கேட்கிறார். என் வாயில் 'போடுங்க சார்' என்று வந்தேவிட்டது. பிப்ரவரிச் சாயங்காலம் எனக்குக் கிடைத்த கைதட்டல் நினைவுக்கு வந்தது.

"எரியும் சார். ஆனா தொடாதீங்க. அந்த லைட்டு உங்களுக்கில்ல சார். நாலரை மணிக்கு வாறவங்களுக்கு."

  அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். "சரி. காலத்த பாப்போம்" என்று சொல்லி சார் போனை வைத்துவிட்டார். சுவிட்சைத் தொட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

திங்கள் காலை பைக்கை ரோட்டிலேயே நிறுத்தினேன். படியைப் பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்தபடியே நடந்தேன். படியடியில் சார் நின்றுகொண்டிருந்தார், தலையில் துண்டு, கையில் பிளாஸ்கில் கட்டன் சாயா. ஒன்பது மணிக்குத் தூங்குகிற மனுஷர்.

"சுவிட்ச நான் தொடல்ல" என்றார் முதலில். "இப்பம் நிமிந்து பாரு."

பன்னிரண்டும் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் முதலில் கண்ணில் பட்டது விளக்குகள் இல்லை. எழுபத்துநாலு விளிம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக, மழையில் கழுவிய கல்லில் கோடு கோடாக மேலே ஏறிப் போயின.

ரோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. மைனி, அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா. அக்காவோடு மகளும் வந்திருந்தாள். அம்மாவை ஏற விடுவதா என்று தானே பார்த்து முடிவுசெய்ய வந்திருக்கிறாள்.  படியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். அம்மாவின் தலையிலிருந்த டார்ச்சைக் கையை நீட்டி அணைத்தாள்.

"இப்பம் ஏறு, பாக்கேன்."

அக்கா இரண்டு கையிலும் வாளியோடு ஏறினார். பத்துப் படி. இருபது. போன வருடம் விழுந்த இடத்தில் ஒரு நொடி நின்றார். நாங்கள் நாலு பேரும் கீழிருந்து அண்ணாந்து பார்த்தோம். அக்கா அந்தப் படியை வலது காலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனார். பிறகு குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் நடையில் வேகம் கூடுவதைக் கீழே இருந்தே கேட்க முடிந்தது, வாளி கிணுங்கும் சத்தத்தில்.

மகள் மூக்கை உறிஞ்சிவிட்டு சாரிடம் சாயாவுக்குக் கையை நீட்டினாள்.

நண்பர்களே, ஒன்பது வருடத்தில் நான் மாட்டிய லைட்டுகளை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். பகல் மாதிரி இருக்கிறது என்பார்கள், கண் கூசுகிறது என்பார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அன்று எழுபத்துநாலாம் படியிலிருந்து, ஸ்டெல்லா அக்காவின் குரலில், தோட்டமே விழித்துக்கொள்ளும் சத்தத்தில் வந்தது.

"ஏலே செல்வின்! லைட்ட எங்கலே வச்சிருக்க? எனக்குப் படி மட்டும்தாம்லே தெரியுது!"